ஸ்லாஷர்: அறுவைப் படம் அன்று

"சிறு முதலீட்டில் உருவான அமானுஷ்ய அறுவைப் படம், விறுவிறுப்பான குற்றக் கூறுகளுடன்."

போன மாதம் மெய்ப்புக்கு வந்த ஒரு துண்டறிக்கையின் முதல் வரி இது. காரைக்குடியில் ஓர் அச்சகத்து மேசையில் உட்கார்ந்து முப்பது ஆண்டுகளாகப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, படைப்பு அழைப்பிதழ், குடமுழுக்கு மலர் என்று எல்லாவற்றிலும் விதவிதமான பிழைகளைப் பார்த்தாயிற்று. தன் சரக்கைத் தானே இப்படிப் பழித்துக்கொண்ட ஓர் அறிக்கையை மட்டும் இதுவரை பார்த்ததில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இந்த வரியிலிருந்து என்ன தெரிந்துகொள்வார்? படம் அறுவை, போதாததற்கு அதில் குற்றங்குறைகளும் உண்டு. பிறகு யார் டிக்கெட் வாங்குவது?

அறிக்கையைக் கொண்டுவந்தவர் உதவி இயக்குநர், இருபத்தைந்து வயதுத் தம்பி. "ஸ்லாஷருக்குத் தமிழ் அதுதானே ஐயா? எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?" என்றார். எல்லாரும் என்பது மிகை. ஆனாலும் இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. ஒரு விமர்சனத்தில் பார்த்தேன், பொறுத்துக்கொண்டேன். வெளிநாட்டுப் படம் ஒன்றின் வசன வரியில் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது என் மேசைக்கே வந்துவிட்டது.

முதலில் ஸ்லாஷர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 'ஸ்லாஷ்' என்பது கத்தியை வீசி நீளவாக்கில் வெட்டுவது. உடைத்தல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அது வந்த வழி எதுவானாலும் நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சினிமாவில் அது ஒரு கதை வகையின் பெயர். ஒரு கொலையாளி, பெரும்பாலும் முகமூடி போட்டவன். ஒரு வீட்டிலோ ஊரிலோ மாட்டிக்கொண்ட இளவட்டங்கள். கூரிய ஆயுதத்தால் அவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். கடைசியில் ஒருத்தி பிழைக்கிறாள். 1978இல் 'ஹாலோவீன்' ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு இந்த வகைக்குப் பெரிய சந்தை கிடைத்தது. மூன்று லட்சம் டாலர் சொச்சத்தில், ஏறக்குறைய 20 நாளில் எடுத்த படம் அது. கொலையாளிக்கு முகமூடி செய்யக் காசில்லாமல், 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கேப்டனின் முகமூடியைக் கடையில் வாங்கி வெள்ளைச் சாயம் அடித்து மாட்டினார்கள். ஒரு வீடு, ஒரு கத்தி, பெயர் தெரியாத நடிகர்கள் என்று முடிந்துவிடுவதால், கையில் காசில்லாதவர்கள் இன்றைக்கும் இந்த வகைக்கே போகிறார்கள்.

கொலையாளி செத்தவனாக இருந்துவிட்டால் அமானுஷ்ய வகை. 1984இல் வந்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தில் செத்துப்போன கொலைகாரன் கனவுக்குள் வந்து கொல்லுகிறான். 1988இன் 'சைல்ட்ஸ் ப்ளே' படத்தில், போலீஸ் துரத்திச் சுட்ட கொலைகாரன் சாகும் நேரத்தில் மந்திரம் சொல்லிப் பொம்மைக்குள் புகுந்துவிடுகிறான். கொலையும் போலீசும் பேயும் ஒரே கதையில். நம் தம்பியின் படமும் இந்தச் சாதிதான். பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீட்டில், பர்மாத் தேக்குக் கதவையும் பழம்பொருட்களையும் பெயர்த்து விற்க ஒரு திருட்டுக் கும்பல் நுழைகிறது. ஒரு காலத்தில் அந்த வீட்டு வட்டிக்கடைப் பெட்டியடியில் இருந்து, பழி சுமத்தப்பட்டுச் செத்துப்போன அடுத்தாள் (கடை உதவியாள்) ஒருவன் பேயாக வந்து, வீட்டின் இரண்டாங்கட்டில் கிடந்த அரிவாள்மனையால் அவர்களைத் தீர்க்கிறான். அரிவாள்மனையைப் பலகையோடு தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவான் என்று கேட்டேன். அதைப் படமெடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இதை அறுவை என்று அழைப்பதில் எனக்கு உள்ள வழக்கு ஒன்றிரண்டு அல்ல.

எல்லாருக்கும் தெரிந்தது, அறுவை என்றால் சலிப்பூட்டும் பேச்சு. "சரியான அறுவை" என்று ஒருவரைச் சொன்னால் அவர் கையில் கத்தியைத் தேடமாட்டோம். அந்தப் பொருளை மறந்துவிடுங்கள், வேர்ப்பொருளைப் பாருங்கள் என்பார் தனித்தமிழ் நண்பர் ஒருவர். சரி, வேருக்கே போவோம். சங்க நூல்களில் அறுவை என்றால் ஆடை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொரு புலவர் உண்டு. அவர் துணி விற்றவர், யாரையும் அறுத்தவர் அல்லர். தறியிலிருந்து அறுத்து எடுப்பது அறுவை, துணித்து எடுப்பது துணி. இரண்டு சொல்லும் பிறந்த இடம் ஒன்றுதான். அந்தக் கணக்குப்படி அறுவைப் படம் என்றால் கண்டாங்கிச் சேலையைப் பற்றிய படம். அப்படி ஒன்றை எங்கள் ஊரில் யாராவது எடுத்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

மூன்றாவது பொருள் மருத்துவம். "வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்" என்கிறார் குலசேகராழ்வார். அறுப்பவனிடம் நோயாளிக்கு அன்பு குறையவில்லை. அறுவை சிகிச்சை என்று இன்றைக்கும் நாம் சொல்லுகிற சொல்லில் இருப்பதும் பிழைக்கவைக்கும் கத்திதான். சலிப்பு, சேலை, சிகிச்சை. இந்த மூன்றையும் தாண்டிக்கொண்டு ஒரு சொல் கொலையிடம் போய்ச்சேர வேண்டும் என்றால் அது எவ்வளவு தூரம் நடக்கும்?

இவற்றைவிட எனக்குப் பெரிய குறை வேறொன்று. வெட்டுகிற செயல் ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. அதை எந்த வீட்டு அடுப்படியிலும் போய்க் கேட்கலாம். கத்தரிக்காயை அரிவார்கள், வெங்காயத்தை நறுக்குவார்கள், வாழைக்காயைச் சீவுவார்கள், தேங்காயைக் கீறுவார்கள், கோழியை அறுப்பார்கள், எலும்பைத்தான் வெட்டுவார்கள். அறுப்பது என்றால் பிடித்துவைத்துக்கொண்டு முன்னும் பின்னும் இழுப்பது. கதிர் அறுப்பதும் மரம் அறுப்பதும் அப்படியே. ஸ்லாஷ் அந்தச் செயலே இல்லை. ஓடுகிறவன்மேல் கை வீசி இழுக்கிற வெட்டு அது. கீறு, கிழி, வகிர் என்ற சொற்கள்தான் அதற்கு அண்டைவீடு. வகிர்தல் நீளவாக்கில் பிளப்பது. தலையில் எடுக்கிற வகிடு அதிலிருந்து வந்தது. இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் எறிதல். "களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே" என்ற புறநானூற்று வரியில் எறிதல் என்றால் வாளால் வெட்டி வீழ்த்துவது. இப்போது எறிபடம் என்று போட்டால் தூக்கி எறியவேண்டிய படம் என்று படிப்பார்கள் என்பதால் அதை நானே விட்டுவிட்டேன்.

'வெட்டாளன் படம்' என்று இன்னொரு ஆக்கமும் கைவசம் வைத்திருந்தார் தம்பி. அதைக் கேட்டதும் எனக்கு வெட்டியானும் வெட்டிப்பேச்சும்தான் நினைவுக்கு வந்தன. 'வெட்டுக்குத்துப் படம்' என்றால் இரண்டு குடும்பத்துப் பகை; ஏற்கெனவே அரிவாள் தூக்கிய படங்கள் நம்மிடம் ஏராளம், அவற்றில் வெட்டுகிறவன் முகமூடி போடுவதில்லை, மீசையை முறுக்குகிறான். ஸ்லாஷ் என்பதற்கு எழுத்துகளுக்கு நடுவே போடும் சாய்கோடு என்றும் பொருள் இருப்பதால், நாளைக்கு எந்த மொழிபெயர்ப்புப் பொறியாவது 'சாய்கோட்டுப் படம்' என்று துப்பினாலும் வியக்கமாட்டேன்.

இந்த ஆக்கங்களுக்கெல்லாம் பொதுவான கோளாறு, ஆங்கிலச் சொல்லின் எலும்பை எடுத்துவந்து தமிழ்த் தோலைப் போர்த்துவது. கதைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் பிழைக்கும் பெண்ணுக்கு 'ஃபைனல் கேர்ள்' என்று பெயர் வைத்தவர் கேரல் குளோவர் என்ற ஆய்வாளர், 1987இல். அதை 'இறுதிப் பெண்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் படித்தேன். இறுதி என்றதும் நமக்கு வருவது இறுதிச் சடங்கு, இறுதி ஊர்வலம். ஊரே செத்தும் சாகாத ஒரே ஒருத்தியைப் பாடையில் ஏற்றிவிட்டார் மொழிபெயர்ப்பாளர். எஞ்சியவள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இன்னொருவர், ஒரு சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் 'கல்ட்' படத்தை 'வழிபாட்டுத் திரைப்படம்' ஆக்கியிருந்தார். அம்மன் படம் என்று நம்பி, குடும்பத்தோடு போய் உட்கார்ந்தவர் கதி என்ன?

'குற்றக் கூறுகள்' கதையும் இதுதான். குற்றம் என்பது நமக்குச் சட்டமும் பிழையும் சேர்ந்த சொல். "நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே" என்பது பாட்டில் உள்ள பிழையைப் பற்றிய பேச்சு, காவல் நிலையத்து வழக்கு அன்று. துப்பறியும் கதை என்று ஒரு நூற்றாண்டாகச் சொல்லிவருகிறோம், அது போதும். அமானுஷ்யம் வடசொல், மனிதத்தன்மை அற்றது என்று பொருள். அதைத் துரத்த 'மீயியற்கை' என்று ஆக்கியிருக்கிறார்கள். அல்ட்ராசவுண்டுக்குச் சொல்லும் மீயொலியில் மீ நன்றாக உட்காருகிறது; மீயியற்கை என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கும். பேய் என்ற இரண்டெழுத்து இருக்கும்போது இந்தச் சண்டை எதற்கு? 'சிறு முதலீட்டில்' என்பதில் மட்டும் நான் கைவைக்கவில்லை. முதல் என்பது வட்டிக்கடைக் கணக்கில் எங்கள் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொல். 'சிறுமுதல் படம்' என்றே சுருக்கலாம்.

அச்சம் நான்கு இடத்திலிருந்து பிறக்கும் என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." பேய், விலங்கு, திருடர், அரசு. தம்பியின் படத்தில் பேய் இருக்கிறது, கள்வர் இருக்கிறார்கள், கடைசியில் போலீஸ் வருகிறது. விலங்கு ஒன்றுதான் பாக்கி. ஒரு நாயாவது வருமா என்று கேட்டேன், பட்ஜெட் இல்லை என்றார்.

மாற்றுச் சொல் கேட்டு என்னை நச்சரித்ததால், மெய்ப்பைப் பையில் வைத்துக்கொண்டு ஒருநாள் படப்பிடிப்புக்கே போனேன். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ரத்தக் காட்சி எடுத்து முடித்திருந்தார்கள். குளுக்கோஸ் பாகில் சிவப்புச் சாயம் கலந்த ரத்தம். ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்கிற சிமெண்டுக் கல், எதையும் உறிஞ்சும். மஞ்சள் பூவேலைக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோசாநிறத் திட்டு. வீட்டுக்குக் காவல் இருக்கும் அம்மா தேங்காயெண்ணெய் தொட்டு அதைத் தேய்த்துக்கொண்டே இயக்குநரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன படம் தம்பி இது?" என்றார். "அறுவைப் படம் அம்மா" என்றார் உதவி இயக்குநர். "அதுதான் நாலு நாளாகப் பார்க்கிறேனே" என்றார் அந்த அம்மா. பிறகு கதையைக் கேட்டார். ஒருவன் பின் ஒருவனாகச் சாகிறார்கள் என்றதும், துணியைப் பிழிந்தபடி, "வீடு காவு வாங்குகிறது என்று சொல்லுங்கள், அதற்கு என்ன இவ்வளவு சுற்று" என்றார்.

காவு என்றால் பலி. கொடுத்தால் காவு கொடுப்பது, கேளாமலே எடுத்துக்கொண்டால் காவு வாங்குவது. வருஷத்துக்கு ஓர் ஆளைக் காவு வாங்கும் கிணறு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? வளைவான சாலை உயிர்களைக் காவு வாங்குகிறது என்று செய்தித்தாள் எழுதும்போது யாருக்கும் உரை தேவைப்படுவதில்லை. ஒவ்வொன்றாக, ஓர் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒன்று உயிரைக் கேட்கிறது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அதனால் பேய் கொல்லுகிற ஸ்லாஷருக்குக் காவுப் படம் என்பது என் தீர்ப்பு. உயிரோடு இருக்கும் மனிதன் முகமூடி போட்டுக் கொல்லும் படத்துக்கு இது பொருந்தாது. அதை வேட்டைக்கொலைப் படம் எனலாம், பிடிக்கவில்லையென்றால் ஸ்லாஷர் என்றே எழுதிவிட்டுப் போகலாம். பேருந்து வரும்வரை பஸ்ஸில்தான் போனோம், யாரும் வழியில் நிற்கவில்லை. தவறான ஆக்கத்தைவிடக் கடன்சொல் எவ்வளவோ மேல் என்று சொன்னதற்காகத் தனித்தமிழ் நண்பர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

துண்டறிக்கையைத் திருத்தி, 'காவு வாங்கும் வீடு: சிறுமுதலில் ஒரு பேய்த் துப்பறியும் படம்' என்று போட்டுக் கொடுத்தேன். தம்பிக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரர் பேசினாராம். அந்த வீட்டைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். காவு வாங்கும் வீடு என்று அச்சானால் எந்தப் பெண்வீட்டார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆயிரம் படி 'ஒரு திகில் படம்' என்று அச்சாகிப் போனது. திட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.