கதையில் ஒரு ஊர், ராத்திரியில் ஒரு ஆறுதல்

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "படுக்கப் போறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" என்பது. தூக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்பேன். போன் பார்ப்பேன் என்பார்கள், சீரியல் பார்ப்பேன் என்பார்கள். சிலர் மட்டும் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "ஒரு கதைத் தொடர் இருக்கு மேடம். முன்னாடியே படிச்சதுதான். அதையே திரும்பத் திரும்பப் படிப்பேன்" என்பார்கள். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்களின் தயக்கம் அது. அந்தத் தயக்கம் தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர்களைவிட, அவர்களைக் கிண்டல் செய்யும் வீட்டார் இதைப் படித்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

என்ன மாதிரிக் கதைகள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு சின்ன ஊர். ஒரு பேக்கரி, ஒரு புத்தகக் கடை, வயதான டாக்டர் ஒருவர், ஊர் விஷயம் முழுக்கத் தெரிந்த ஒரு பாட்டி. பெரிய நகரத்தில் மனம் நொந்துபோன யாரோ ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குவார். அடுத்த பத்துப் பதினைந்து புத்தகங்களுக்கு அதே தெரு, அதே முகங்கள். ஆங்கிலத்தில் 'கோஸி', அதாவது இதமானவை, என்ற பெயரில் இதற்குத் தனி அலமாரியே உண்டு. கொலையைத் துப்பறியும் கதைகளும் அதில் அடக்கம். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் முதன்முதலாக ஒரு முழு நாவலில் வந்தது 1930இல். செயின்ட் மேரி மீட் என்ற கிராமத்தை விட்டு அதிகம் நகராத அந்தப் பாட்டி, பக்கத்து வீட்டாரைக் கவனித்தே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பெண். மாமியாருக்கு மறதி நோய். சாயங்காலம் ஆனால் போதும், மாமியார் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடுவார். "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்பார். நாற்பது வருடமாக அவர் வாழ்கிற வீடே அதுதான். கதவைப் பூட்டினால் அழுவார், திறந்துவிட்டால் தெருவில் இறங்கிவிடுவார். இதையெல்லாம் சமாளித்து, அவருக்குச் சோறு ஊட்டி, படுக்க வைத்துவிட்டு வந்தால் மணி பதினொன்று. அப்புறம்தான் இவர் போனில் ஒரு நாவலைத் திறப்பார். லூயிஸ் பென்னி எழுதும் த்ரீ பைன்ஸ் தொடர். கணவர் கேட்பாராம், "கொலைக் கதையைப் படிச்சுட்டு எப்படித்தான் உனக்குத் தூக்கம் வருதோ?"

நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. த்ரீ பைன்ஸ், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கிராமம். முதல் நாவல் 2005இல் வந்தது. யாரையும் மதிக்காமல் திட்டிக்கொண்டே இருக்கும் ஒரு கிழட்டுக் கவிஞர் அங்கே உண்டு, அவர் கூடவே ஒரு வாத்து. மாண்ட்ரியாலில் உளவியல் நிபுணராக இருந்துவிட்டு, அதை விட்டு இங்கே புத்தகக் கடை நடத்தும் மிர்னா உண்டு. (என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.) கொலை நடக்கும், ஆனால் கதை ரத்தத்தில் நின்று திளைக்காது. கமாஷ் என்ற போலீஸ் அதிகாரி வருவார், உட்காருவார், பொறுமையாகக் கேட்பார். கடைசியில் யார், ஏன் என்பது தெரிந்துவிடும். மறுபடி எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் பகல் பொழுதை நினைத்துப் பாருங்கள். மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் 'முடிந்தது' என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. இன்றைக்குச் செய்ததெல்லாம் நாளைக்கு மறுபடி முதலிலிருந்து. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நோய் கூடத்தான் செய்யும். நாள் முழுக்க அதிலேயே கிடக்கும் மனதுக்கு, ஒரு விஷயம் தொடங்கி, சிக்கலாகி, அவிழ்ந்து, முடிவதைப் பார்ப்பது பெரிய ஓய்வு. கதையில் பிணம் விழுவது அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அந்தச் சாவுக்கு ஒரு பதில் கிடைத்துவிடும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

முன்கூட்டியே தெரிந்திருப்பது ஒரு குறை இல்லை என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஜொனாதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்து, சிலருக்கு மட்டும் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்தவர்களுக்குத்தான் சராசரியாகக் கதை அதிகம் பிடித்திருந்தது. 'என்ன ஆகுமோ' என்று பதறும் வேலை மனதுக்கு இல்லாதபோது, அது வாத்தையும் மேசையையும் நிதானமாகப் பார்க்கிறது. அதனால் "படிச்சதையே எத்தனை தடவைதான் படிப்ப?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, படித்தது என்பதால்தான் அவர் படிக்கிறார்.

இந்தக் கதைகளைப் படிக்காதவர்கள் அதிகம் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. இவற்றில் துக்கமே கிடையாது, எல்லாம் சர்க்கரைப் பாகு என்று நினைக்கிறார்கள். ஜான் கரோன் எழுதிய மிட்ஃபோர்ட் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விளம்பரத் துறை வேலையை விட்டுவிட்டு வட கரோலினா மலைப்பகுதியில் ப்ளோயிங் ராக் என்ற சிற்றூருக்குப் போனவர். அந்த ஊரின் வாரப் பத்திரிகையில்தான் இந்தக் கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1994இல் முதல் புத்தகமாக வந்தது. நாயகன் அறுபது வயதுப் பாதிரியார். தனி ஆள். முதல் புத்தகத்திலேயே அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவருகிறது. அவர் வாழும் மிட்ஃபோர்ட் ஊரில்தான் எஸ்தர் என்கிற அம்மாள் ஆரஞ்சு மார்மலேட் கேக் செய்து எல்லோரையும் மயக்கிக்கொண்டிருக்கிறார். சுகர் இருக்கும் ஒருவருக்குப் பக்கத்து வீட்டு அன்பு இனிப்பாகவே வந்து சேர்ந்தால் என்ன பாடு என்பது நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெற்ற தாயால் வளர்க்க முடியாத ஒரு பையன் பாதிரியாரின் வாசலுக்கு வந்து சேர்கிறான். நோய், தனிமை, கைவிடப்பட்ட பிள்ளை எல்லாமே இருக்கிறது. ஒன்றுதான் வித்தியாசம்: யாருடைய கஷ்டமும் அங்கே கவனிக்கப்படாமல் போவதில்லை.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு ஊர் இருக்கிறது. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் மால்குடி. 1930களில் சுவாமியின் பள்ளிக்கூடக் கதையோடு தொடங்கியது அது. 1986இல் கன்னட இயக்குநர் ஷங்கர் நாக் அதைக் கர்நாடகாவின் ஆகும்பேயில் தொடராகப் படமாக்கித் தூர்தர்ஷனில் ஒளிபரப்பினார். இன்றைக்கு ஐம்பது வயதை ஒட்டியவர்களிடம் மால்குடி என்று சொன்னாலே முகம் மாறும். ஆனால் அதே மால்குடியில்தான் 1945இல் வந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலும் நடக்கிறது. அதில் இளம் மனைவி டைஃபாய்டில் சாகிறாள். நாராயணின் சொந்த மனைவி ராஜம் 1939இல் அதே காய்ச்சலில்தான் இறந்தார். தாங்க முடியாத ஒன்றை வைக்க, தனக்குப் பழகிய தெருக்கள் உள்ள ஒரு ஊரை அவர் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, நிஜமான சின்ன ஊர்கள் இப்படியா இருக்கின்றன? இல்லை. இதைப் பற்றி என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு இளம்பெண். தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவர். "எங்க ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும் மேடம். நான் எந்த பஸ்ல ஏறினேன், யார்கூடப் பேசினேன், எல்லாம் சாயங்காலத்துக்குள்ள அப்பா காதுக்குப் போயிடும். அதனாலதான் கிளம்பி வந்தேன்" என்றார். அவருக்கு உயிரான தொடர் எது என்று கேட்டால், ராபின் கார் 2007இல் எழுதத் தொடங்கிய வெர்ஜின் ரிவர். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த ஊர்! முரண்பாடாகத் தெரிந்தாலும் இது முரண்பாடு இல்லை. கதையில் வரும் ஊரிலும் வம்பு பேசுகிறார்கள். ஆனால் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டதை அவரைத் தண்டிக்கப் பயன்படுத்துவதில்லை. விடிந்ததும் சூப்போடு வந்து நிற்கப் பயன்படுத்துகிறார்கள். நீ எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்டு இடம் ஒதுக்கும் ஊர் இல்லை அது. தன்னை நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அதற்கு விலை கொடுக்கக் கூடாது. அவர் தேடியது இதைத்தான். இந்தக் கதைகளைப் பொய் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது, "அந்த ஊர்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?" பதிலில் அவரவர் தேவை வெளியே வந்துவிடும். மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண், "அந்தச் சாப்பாட்டுக் கடை. அங்க யாராவது அவங்களுக்குச் சமைச்சுப் போடுவாங்க" என்றார். முப்பது வருடமாக அந்த வீட்டில் அவருக்கு யாரும் ஒரு தட்டில் சோறு போட்டு நீட்டியதில்லை. அடுத்த முறை கணவரும் கூட வந்தார், இதைப் பேசினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை சமையல் கணவருடையது. நோய் குறையவில்லை, வேலை குறையவில்லை, ஆனால் வாரத்தில் ஒரு நாள் இவர் இலை முன்னால் உட்காருகிறார்.

கிராமத்திலிருந்து வந்த பெண், "நான் ரெண்டு நாள் கடைக்கு வரலன்னா யாராவது 'என்னாச்சு'ன்னு கேட்கணும்" என்றார். அதற்குப் பெரிய நட்பு வட்டம் தேவையில்லை. ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், எலிசபெத் டன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், காபிக் கடைக்காரரிடம் சிரித்து நாலு வார்த்தை பேசியவர்கள், பேசாமல் வாங்கிப் போனவர்களைவிட மகிழ்ச்சியாகவும் ஒட்டுதலாகவும் உணர்ந்தார்கள். இவரும் விடுதிக்குக் கீழே இருக்கும் இட்லிக் கடை அக்காவிடமிருந்து தொடங்கினார். வெர்ஜின் ரிவரை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்த வேண்டிய காரணமே இல்லை. பிடித்தமான தொடரை நினைத்துக்கொள்வதே தனிமை உணர்வைக் குறைக்கிறது என்று ஜே டெரிக்கும் சக ஆய்வாளர்களும் 2009இலேயே காட்டியிருக்கிறார்கள்.

கவலைப்பட வேண்டிய கட்டமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஐடி வேலையில் இருக்கும் ஒரு பையன். கடற்கரைக் கிராமத்துக்கு வரும் பல் டாக்டரைப் பற்றிய கொரியத் தொடர் ஒன்று 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்ததே, 'ஹோம்டவுன் சா-சா-சா', அதன் 16 பகுதிகளையும் சனி ஞாயிறு இரண்டு நாளில் பார்ப்பான். அடுத்த வாரம் மறுபடி. இதோடு நின்றிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அம்மாவின் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தான். குளிப்பதில்லை, பசி இல்லை. "பார்த்து முடிச்சதும் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "ரூம் இன்னும் சின்னதாயிட்ட மாதிரி இருக்கும்" என்றான்.

எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள், பார்க்கிறார்கள் என்பதை நான் அளவுகோலாக எடுப்பதில்லை. மூடி வைத்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பார்ப்பேன். தூக்கம் வருகிறதா, காலையில் எழுந்து அடுத்த வேலையைத் தொட முடிகிறதா, மனிதர்களோடு கொஞ்சம் பொறுமையாக இருக்க முடிகிறதா? அப்படியானால் அது ஓய்வு. மூடியதும் நிஜ மனிதர்கள் எல்லாம் சப்பென்று ஆகி, எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குத் தொடர் காரணமில்லை. உள்ளே மூழ்கிக்கொண்டிருப்பவர் பிடித்திருக்கும் கட்டை அது. கோபத்தில் போனைப் பிடுங்கி, நெட்ஃபிளிக்ஸ் கணக்கை மூடி, அந்தக் கட்டையையும் பறித்துவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உடனே போக முடியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். வீட்டில் பேச்சைத் தொடங்க வழி தெரியாதவர்கள் அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போ அந்த ஊர்ல என்ன நடக்குது?" என்று கேளுங்கள். அந்தப் பையனின் அம்மா அப்படித்தான் ஆரம்பித்தார். மகனோடு சேர்ந்து நாலு பகுதி பார்த்த பிறகுதான் அவன் வேறு விஷயம் பேசினான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, குறிப்பாகச் சமீபத்தில் யாரையாவது இழந்தவர்களுக்கு. இதமான கதை என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி அப்படியே உள்ளே போய்விடாதீர்கள். வெர்ஜின் ரிவரின் நாயகி கணவனை இழந்த நர்ஸ். 2019இல் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ் தொடரில் அவருக்குக் குழந்தையும் வயிற்றிலேயே இறந்திருக்கிறது. அவர் அந்த ஊருக்கு வந்ததும் யாரோ விட்டுவிட்டுப் போன பச்சைக் குழந்தை ஒன்றும் வந்து சேர்கிறது. அதே இழப்பைச் சந்தித்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருவருக்கு முதல் பகுதியே தாங்காது. ஆறு வருடம் ஆன இன்னொருவருக்கு அதுவே தன் கதையை வாய்விட்டுச் சொல்லத் துணையாக இருக்கலாம். அதனால் தொடங்கும் முன் கதைச்சுருக்கத்தை முழுதாகப் படித்துவிடுங்கள், அல்லது ஏற்கெனவே படித்தவரிடம் "இதுல யார் சாகிறாங்க, எப்படி முடியுது?" என்று நேராகக் கேளுங்கள். சுவாரஸ்யம் போய்விடுமே என்ற பயம் வேண்டாம்.