தைப்பூசப் பாதையில் காரின் ரேடார் எதைப் பார்க்கிறது?

சித்தப்பா போன வருஷம் புதுக் கார் வாங்கினார். முன்னால் போகும் வண்டியை ரேடாரால் கண்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ரகம். "ராத்திரியில நம்ம கண்ணை விட அதுக்கு நல்லாத் தெரியுமாம்ப்பா" என்று காரைக்குடி வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். நான் கார் ரேடாருக்கான சிக்னல் பிராசஸிங்கில், அதாவது திரும்பி வரும் அலையைக் கணக்குப் போட்டு எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் துறையில் வேலை பார்க்கிறவன். அவர் சொன்னதில் பாதி உண்மைதான். மீதிப் பாதிதான் எனக்குப் பயம். காரணம், தை மாதம்.

தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடியும் அதன் பின்னால் நடக்கும் கூட்டமும் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகும். வெயிலுக்கு முந்த வேண்டும் என்று விடிவதற்கு வெகுமுன்பே கிளம்பிவிடுவார்கள். இருட்டில் ரோட்டோரம் நடப்பார்கள்; கால் வலித்தால் நிறுத்தியிருக்கும் லாரி பக்கத்திலேயே நின்று டீ குடிப்பார்கள்.

சித்தப்பாவுக்கு லேப்டாப்பில் ஒரு பதிவைக் காட்டினேன். வேறொரு சாலையில் எடுத்த சோதனை ஓட்டம் அது. நிற்கும் லாரி, அதன் பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு பேர். திரையில் குறுக்கே தூரம், நெடுக்கே வேகம். அறுபது மீட்டரில் பளிச்சென்று ஒரே ஒரு திட்டு. "ஆளுங்க எங்கப்பா?" என்று கேட்டார். அந்தத் திட்டுக்குள்தான் இருக்கிறார்கள்.

ரேடார் படம் பிடிப்பதில்லை. அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் கணக்குப் போடுகிறது. இரண்டு பொருளை இரண்டாகப் பார்க்க அதற்கு மூன்று வழிதான் உண்டு: தூரம் வேறாக இருக்க வேண்டும், அல்லது திசை, அல்லது வேகம். தூரத்தில் கார் ரேடார் கெட்டி. அலைவரிசையில் 150 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சிக்னல் இருந்தால் ஒரு மீட்டர் இடைவெளியையும், 1 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் 15 சென்டிமீட்டரையும் பிரித்துவிடும்.

அது தடுமாறுவது திசையில்தான். சாதாரணமாகக் காரில் வரும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் அனுப்ப மூன்று ஆண்டெனா, வாங்க நான்கு என்று இருக்கும். பெருக்கினால் பன்னிரண்டு ஆண்டெனாவுக்குச் சமம். அதைக் கொண்டு ஏறக்குறைய 9.5 டிகிரியைத்தான் பிரிக்க முடியும். அறுபது மீட்டர் தள்ளி அது பத்து மீட்டர் அகலம். ஒரே தூரத்தில் அந்தப் பத்து மீட்டருக்குள் லாரி, ஆள், புளியமரம் எது நின்றாலும் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். 192 ஆண்டெனாவுக்குச் சமமான புது ரேடார்கள் இதை 0.6 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டன. ஆனால் ரோட்டில் ஓடும் எல்லாக் காரிலும் அது இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கணக்கால் கூர்மையாக்கும் வழிகளும் உண்டு. ரால்ஃப் ஷ்மிட் 1986-இல் வெளியிட்ட 'மியூசிக்' என்ற முறை அப்படிப்பட்டது. ஆனால் மொத்தம் எத்தனை பொருள் என்று முதலில் நாம் அதற்குச் சொல்ல வேண்டும். காவடிக் கூட்டத்தில் அதை யார் சொல்வது?

இன்னொரு சிக்கல் எனக்கு நிஜமாகவே தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஒரு மனிதரின் எதிரொலியை ஒன்று என்று வைத்தால், லாரியின் எதிரொலி நூறு, சில நேரம் அதற்கும் மேலே. எது இரைச்சல், எது பொருள் என்று முடிவு செய்ய, ஒவ்வொரு இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தின் சராசரியோடு ஒப்பிடுவது வழக்கம். பக்கத்தில் லாரி இருந்தால் சராசரி எகிறிவிடும். ஆள் இரைச்சல் கணக்கில் போய்விடுவார். சராசரிக்குப் பதிலாக, அக்கம்பக்க மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவாக்கில் ஒன்றை எடுத்தால் இது குறையும் என்று ஹெர்மன் ரோலிங் 1983-இல் காட்டினார். குறையும், அவ்வளவுதான். ஆளும் லாரியும் தூரம், திசை, வேகம் மூன்றிலும் ஒன்றாகி ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிட்டால் இதுவும் கைகொடுக்காது.

வேகம்தான் நம்மைக் காப்பாற்றுவது. நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிற்கும் லாரி 80-இல் உங்களை நெருங்கும். உங்கள் திசையிலேயே 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் 75-இல் நெருங்குவார். 20 மில்லிவிநாடி கவனித்தாலே மணிக்கு அரை கிலோமீட்டர் வேக வித்தியாசத்தைக்கூட ரேடார் பிரித்துவிடும். சித்தப்பாவுக்குக் காட்டிய பதிவிலும் அவர்கள் நடக்கத் தொடங்கியதும் பெரிய திட்டிலிருந்து மங்கலாக ஒரு சிறு திட்டு பிரிந்து வந்தது. கைகால் வீச்சு அதைச் சுற்றி மெல்லிய கோடுகளாகத் துடித்தது. சித்தப்பா திரைக்குக் கிட்டே குனிந்து, "இதுவா ஆளு?" என்றார்.

அவர்கள் நின்றாலும், ரோட்டை நேர்குறுக்காகக் கடந்தாலும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். மரம், மைல்கல், பாலத்துக் கட்டை எல்லாம் இருக்கும் வரிசையில் அவர்களும் சேர்ந்துவிடுவார்கள். அந்த வரிசையில் இருப்பதற்கெல்லாம் பிரேக் போட்டால் கார் ஓடவே முடியாது. அதனால், சித்தப்பா காரில் இருப்பதைப் போல வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பல குரூஸ் கண்ட்ரோல்கள் வேகமாகப் போகும்போது நிற்கும் பொருளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் காரின் கையேட்டிலேயே பெரும்பாலும் இது எழுதியிருக்கும், படியுங்கள்.

கண்டுபிடித்ததைத் தொடர்வது தனி வேலை. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் மாட்டுக்காரர் தன் காளையை எப்படி விடாமல் பார்க்கிறார்? போன கணம் எங்கே, எந்தப் பக்கம் ஓடியது என்று வைத்து அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கண் முன்கூட்டியே போய்விடுகிறது. ரேடாரும் அதைத்தான் செய்கிறது. புழுதியில் இரண்டு காளை குறுக்கே கடந்தால் கண் வேறு மாட்டின் பின்னால் போய்விடும் அல்லவா, நெருக்கமாக நடக்கும் கூட்டத்தில் ரேடாருக்கும் அதுதான் நடக்கும்.

பாதயாத்திரை போகிறவர்கள் பையில் ஒட்டும் மின்னும் ஸ்டிக்கர் ரேடாருக்குத் தெரியாது. ஆனால் ஓட்டுநரின் கண்ணுக்கும் காரின் கேமராவுக்கும் நன்றாகத் தெரியும், கட்டாயம் ஒட்டிக்கொள்ளுங்கள். நிற்பதென்றால் லாரியை விட்டுத் தள்ளி, ரோட்டை விட்டு இறங்கி நில்லுங்கள். கார்க்காரர்கள் அந்த நாட்களில் இந்தப் பாதையில் குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிட்டு, காலை பிரேக் பக்கம் வைத்து ஓட்டுங்கள்.

அப்புறம், பல கார்களில் ரேடார் இருப்பது முன்பக்க முத்திரைக்குப் பின்னால்தான். ஈரச் சந்தனம் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். பிள்ளையார்பட்டியில் வண்டிக்குப் பூஜை போடும்போது பொட்டைக் கண்ணாடி ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.