அணைவுச் சேர்மம்: சிஸ்பிளாட்டின் எந்த வகை மருந்து?

பாண்டிச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரில புற்றுநோய்க்கு கீமோ எடுக்குறவங்க சீட்டுல சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின்னு ஏதாவது ஒரு பேரு அடிக்கடி கண்ணுல படும், அந்த 'பிளாட்டின்' நகைக்கடைல விக்கிற அதே பிளாட்டினத்துலேர்ந்து வந்ததுதான். உடனே வீட்ல இருக்கவங்க உடம்புக்குள்ள உலோகத்த ஏத்துறாங்களான்னு பயந்துடுறாங்க. வெறும் உலோகம் இல்லீங்க, இது உலோக அணைவுச் சேர்மம். இங்கிலீஷ்ல காம்ப்ளெக்ஸ்.

காம்ப்ளெக்ஸ்னதும் சிக்கல்னு நெனச்சுடக்கூடாது. லத்தீன் மூலத்துக்கு தழுவிக்கிறது, சுத்திப் பிடிக்கிறதுன்னு அர்த்தம், நம்ம 'அணை'யும் அதேதான், அதனால அணைவுங்கறது ரொம்ப அழகா பொருந்துற சொல்லு. நடுவுல உலோகம், அதுக்கு எலக்ட்ரான் ஜோடிய குடுத்து சுத்தி நிக்கிறதுங்க ஈனி (லிகாண்ட்). இந்த அமைப்ப 1893ல விளக்கினவர் வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர்.

சிஸ்பிளாட்டின்ல நடுவுல ஒரு பிளாட்டினம், சுத்தி ரெண்டு குளோரைடு, ரெண்டு அம்மோனியா. 'சிஸ்'னா லத்தீன்ல இந்தப் பக்கம், அதாவது ரெண்டு குளோரைடும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. அதே அணுக்கள எதிரெதிரா வச்சா டிரான்ஸ்பிளாட்டின், அது புற்றுநோய்க்கு வேலைக்கே ஆகாது! பிளாட்டினம்ங்கற பேரு ஸ்பானிஷ் 'பிளாட்டினா', சின்ன வெள்ளி, பிரெஞ்சு படிச்ச பாண்டிக்காரங்க பிளாத்தின்னுவாங்க.

ரத்தத்துல குளோரைடு நெறைய, அதனால மருந்து பெரும்பாலும் கலையாம போகுது, செல்லுக்குள்ள குளோரைடு கம்மி, அங்க போனதும் குளோரைடு கழண்டு தண்ணி வந்து ஒட்டும், அப்புறம் அது டிஎன்ஏவுல இருக்கற குவானின்ங்கற பகுதில போய் பிடிச்சுக்கும், டிஎன்ஏ வளைஞ்சு போய் செல் பெருக முடியாம சாகும். நல்ல செல்லையும் தாக்கும், கிட்னியையும் காதையும் பாதிக்கும், சிஸ்பிளாட்டினோட சலைன் ஏத்துறது கிட்னிய காப்பாத்தத்தான், காதுல இரைச்சல் கேட்டா டாக்டர்கிட்ட தள்ளிப்போடாம சொல்லிடுங்க.

இந்தச் சேர்மம் 1840கள்லயே பெய்ரோன்ங்கற வேதியியலாளர் செஞ்சது, 1965ல ரோசன்பெர்க் குழு பாக்டீரியா மேல மின்சாரம் பாய்ச்சினப்போ பிளாட்டினம் மின்முனைலேர்ந்து உண்டான சேர்மங்களால பாக்டீரியா பிரியாம நீளமா வளர்ந்துச்சு, செல் பிரியறத தடுக்குதுன்னா புற்றுநோய்க்கும் உதவுமான்னு சோதிச்சாங்க, 1978ல அமெரிக்காவுல மருந்தா அனுமதி கெடச்சுது. ருத்தேனியம்ங்கற இன்னொரு உலோகத்தோட அணைவுச் சேர்மங்களையும் மனுஷங்ககிட்ட சோதிச்சிருக்காங்க.

தமிழ்ல எழுதுறவங்க மருந்து பேர அப்படியே வைங்க, சீட்டுல இருக்கறதோட ஒத்துப்போகணும். வகைய மட்டும் பிளாட்டினம் அணைவுச் சேர்மம்னு எழுதுங்க, 'உலோக மருந்து' வேணாம், சித்த மருந்துல வர்ற பற்பம் செந்தூரத்தோட குழப்பிக்குவாங்க.