களியில் கட்டி ஏன் விழுகிறது?

"கேவுரு (கேழ்வரகு) களி கிண்டினால் கட்டி விழுகிறது, உடைத்தால் உள்ளே பச்சை மாவு. நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில்தான் கொட்டுகிறேன்" என்று குடியாத்தத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வெறும் கொதிநீரில் கொட்டுவதுதான் வினை.

ஸ்டார்ச் துகள்கள் பச்சைத் தண்ணீரில் கரையாது. சுமார் 70 டிகிரி சூட்டில் தண்ணீரைக் குடித்து, ஊதி, பசையாகும். கொதிநீரில் ஒரு கை மாவு விழுந்தால் அதன் வெளிப்புறம் நொடியில் பசையாகி மூடிக்கொள்கிறது. அதைத் தாண்டி உள்ளே சூடு போகும், தண்ணீர் போகாது. தண்ணீர் கிடைக்காத மாவு எவ்வளவு கொதித்தாலும் வேகாது.

வட ஆர்க்காட்டுச் சமையலில் இதற்கு விடை நொய், அதாவது உடைந்த அரிசி. முழு அரிசியைவிட மலிவு என்பது ஒரு பக்கம்; அது செய்யும் வேலை அதைவிடப் பெரிது. மூன்று பேருக்கு அரை டம்ளர் நொய், 2 டம்ளர் மாவு, ஐந்தரை டம்ளர் தண்ணீர், உப்பு. நொய்யைக் குழைய வேகவிட்டு, அந்தக் கஞ்சியில் அரை டம்ளரைத் தனியே எடுத்து வையுங்கள். மாவைக் குவியலாகக் கொட்டி, களி கிண்டும் மரத்துடுப்பின் காம்பால் நடுவில் குழி போட்டு, கிளறாமல் மூடி, சிறு தீயில் 8 நிமிடம் விடுங்கள். குழி வழியே ஏறும் ஆவி மாவைச் சூடாக்கி, மெல்ல ஈரமாக்கும்.

இறக்கிக் கிண்டும்போதுதான் நொய்யின் அருமை தெரியும். நீர்த்த தண்ணீரில் கட்டி துடுப்புக்கு நழுவி மிதந்து போய்விடும். கெட்டியான கஞ்சி அதை நழுவ விடாது. துடுப்பின் விசை முழுவதையும் கஞ்சி கட்டியின் மேல் கடத்தி, இருபுறமும் இழுத்துக் கிழிக்கிறது. கட்டியை உடைப்பது துடுப்பு அல்ல, கஞ்சியின் பிசுபிசுப்பு! இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைச் சூடாக ஊற்றுங்கள்; பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடு இறங்கி மாவு அரைவேக்காடாக நின்றுவிடும். மறுபடி அடுப்பிலேற்றி 3 நிமிடம் புழுங்க விட்டு, ஈரக்கையால் தொடுங்கள். ஒட்டாவிட்டால் வெந்தது.

தொட்டுக்கொள்ள 100 கிராம் காராமணியை இரவே ஊறவைத்து, நாலு இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயோடு குழம்பு வைக்கலாம். கேழ்வரகில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறைக் காராமணி ஈடுகட்டும். புளியை மட்டும் காராமணி வெந்த பிறகே ஊற்றுங்கள். புளிப்பு பட்டால் பயறு சீக்கிரம் மசியாது.

களி எவ்வளவு தின்றாலும் சர்க்கரை ஏறாது என்பது தவறான நம்பிக்கை. நைசாக அரைத்த மாவு வேகமாகவே செரிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு உருண்டையின் அளவு முக்கியம். கேழ்வரகின் உண்மையான பலம் கால்சியம்: 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். திருவண்ணாமலை அத்தியந்தலில் சிறுதானியத்துக்கென்றே வேளாண் பல்கலைக்கழக மையம் இருக்கிறது. புது ரகங்களுக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கை, ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தச் சத்தில் எவ்வளவை உடம்பில் சேர்க்கின்றன என்று அளக்கவும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

மிஞ்சிய உருண்டையை மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். காலையில் லேசாகப் புளித்திருக்கும். மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் கூழ்.