பழைய படத்தைப் பகிரும் முன் பத்திரிகையைப் புரட்டுங்கள்

இலங்கை மலையகத்தின் பழைய படங்கள் முகநூலில் சுற்றாத நாளில்லை. "தேயிலைத் தோட்டத்தில் நம் முன்னோர், 1870" என்பது மாதிரி கீழே ஒரு வரி இருக்கும். கொஞ்ச நாளில் அதே படம் ஒரு விழா மலரில் வரும், அப்புறம் பாடசாலைக் கண்காட்சியில் தொங்கும். அந்த ஆண்டை யார் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நூலகத்தில் பழைய பத்திரிகைகளோடு வேலை செய்கிறவள் நான். கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1870 என்றாலே சந்தேகப்பட வேண்டும். ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல்தான். அன்றைக்கு இந்த மலைகளை மூடியிருந்தது கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அது கோப்பியைத் தின்று தீர்த்த பிறகே தேயிலை பரவியது. ஆகவே படத்தைப் பெரிதாக்கிச் செடியைப் பாருங்கள். கோப்பி இலைகள் எதிரெதிரே சோடி சோடியாக இருக்கும். தேயிலையில் மாறி மாறி வரும். கவ்வாத்து வெட்டிக் கொழுந்து எடுத்துவந்த தேயிலைச் செடி மேலே தட்டையாக நிற்கும். இதை நம் அம்மாமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தை அவர்களிடமே காட்டிக் கேட்கலாம். செடி கோப்பி என்றால் "தேயிலை" தவறு. நிரை நிரையாகத் தேயிலை என்றால் ஆண்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரயில் பாதையும் உதவும். நாவலப்பிட்டிக்கு 1874இலும் நானுஓயாவுக்கு 1885இலும் பண்டாரவளைக்கு 1894இலும் ரயில் வந்தது. பதுளை 1924 வரை காத்திருந்தது. பதுளை ஸ்டேஷனைக் காட்டும் படத்துக்கு 1900 என்று போட்டால் அது நிற்காது.

ஆண்டு ஓரளவு பிடிபட்டதும் பத்திரிகைக்குப் போகலாம். கண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் கிட்ட. கொழும்பு 7இல் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தமிழ் வெளியீடுகளுக்கு, வீட்டிலிருந்தே பார்க்க, "நூலகம்" என்ற பெயரிலேயே ஓர் இணையத்தளம் இருக்கிறது. முன்கூட்டியே விசாரித்து அனுமதி வாங்கிப் போங்கள்; பேனா வேண்டாம், பென்சில் போதும்.

போனதும் செய்தியை மட்டும் தேடாதீர்கள். விளம்பரப் பகுதியைத்தான் நான் முதலில் புரட்டுவேன். ஸ்டுடியோக்காரர்கள் கடை திறந்ததையும் இடம் மாறியதையும் அங்கேதான் அறிவிப்பார்கள். கொழும்பின் பிளேட் ஸ்டுடியோ கம்பனி தொடங்கியது 1890இல். அதன் முத்திரை குத்திய பட அட்டை 1870இல் அச்சாகியிருக்க வழியே இல்லை. தோட்டத்தின் பெயர் தெரிந்தால் ஃபெர்குசன் டைரக்டரியைக் கேளுங்கள். எந்த ஆண்டில் எந்தத் தோட்டம் யார் கையில் இருந்தது, எத்தனை ஏக்கர், துரை யார் என்று அதில் பார்க்கலாம். தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அதில் இருக்காது, கம்பனிப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் சித்திரப் பத்திரிகைகளில் வந்த படங்களில் இன்னும் கவனம் தேவை. இங்கே ஒருவர் வரைந்ததை அங்கே, இந்த மலையையே பார்க்காத இன்னொருவர் மரக்கட்டையில் செதுக்கியிருப்பார். முகமும் உடையும் அவர் கையில் மாறியிருக்கலாம்.

இவ்வளவு பார்த்தாலும் ஒரு குறை என்னை விடாமல் அரிக்கும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் பெரும்பாலும் தோட்டத்துரைமாருக்காக எழுதப்பட்டவை. துரை விடுமுறைக்குக் கப்பல் ஏறினாலும் செய்தி. நம்மவர்கள் வெறும் "கூலிகள்". ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் டிக்கோயாவில் இறந்தார், பொகவந்தலாவை தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். புகைப்பட வரலாற்றில் அவர் பெரிய பெயர். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் நிற்பவர்களின் பெயர்தான் பெரும்பாலும் இல்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யர் 1920களில் பத்திரிகை நடத்தத் தொடங்கினார். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் வந்தன. அந்தக் காலத்துப் படம் கையில் இருந்தால் தமிழ்ப் பத்திரிகையைப் பார்க்காமல் விடாதீர்கள். அதற்கு முந்தியது என்றால் தேவாலயப் பதிவேடு, செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம் என்று தேட வேண்டும். யாருடைய பெயராவது கிடைத்தால் அதை எழுதி வையுங்கள். கிடைக்காவிட்டால் "பெயர் தெரியவில்லை" என்றே எழுதுங்கள், கற்பனைப் பெயர் வேண்டாம்.

வீட்டில் இருக்கும் படங்களை லேமினேட் செய்யாதீர்கள். ஃபிரேமுக்கு அளவாக ஓரத்தை வெட்டாதீர்கள். ஸ்டுடியோ பெயர் அந்த ஓரத்தில்தான் இருக்கும். பின்பக்கத்தையும் போனில் எடுத்து வையுங்கள்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கும்பாபிஷேகத்துக்கு வண்ணம் பூசும்முன் பழைய சுவர்ச் சித்திரங்களை மூலை முடுக்கு விடாமல் படம் எடுங்கள். ஓவியர் கீழ் மூலையில் பெயர் எழுதியிருக்கலாம், அதன் மேல்தான் முதல் பூச்சு விழும். பழைய கும்பாபிஷேக மலர் இருந்தால் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுங்கள். ஓவியருக்குக் கொடுத்த பணம் கமிட்டியின் வரவு செலவுக் கொப்பியில் இருக்கும். அந்தக் கொப்பிகளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போடாதீர்கள்.