"இருக்கிறதுலயே பெரிய தோட்டா எதுண்ணா?"

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் பட்டறையில் மேஜையே கண்ணில் படாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மான் வேட்டைக்கான துப்பாக்கி வாரம், நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்து வரும் திங்கட்கிழமை தொடங்கும். வருடம் முழுக்க அலமாரியில் தூங்கிய துப்பாக்கிகளெல்லாம் அதற்கு முந்தைய ஐந்தாறு வாரத்தில் எங்களைத் தேடி வரும். கோவையில் லேத் பட்டறையில் கை பழகிய நான் இங்கே வந்து துப்பாக்கி பழுதுபார்க்கிறவன் ஆனது தனிக்கதை. அது இப்போது வேண்டாம்.

போன அக்டோபரில் நம் ஊர்ப் பையன் ஒருவன் வந்தான். கிரீன் கார்டு கைக்கு வந்து சில மாதம்தான். ஏ.ஆர்.-15 வகை அரைத் தானியங்கித் துப்பாக்கியில், விசையும் மேகசின் என்ற தோட்டாப் பெட்டியும் பொருந்தும் கீழ்ப்பாகத்தை மட்டும் வாங்கி வைத்திருந்தான். குழலும் போல்ட்டும் அடங்கிய மேல்பாகத்தைத் தன் விருப்பப்படி சொல்லிச் செய்துகொள்ள ஆசை.

"இதுல போடுறதுலயே பெரிய தோட்டா எதுண்ணா?"

"எதைச் சுடப் போற?"

"அது அப்புறம் பாத்துக்கலாம்ணா."

இந்த உரையாடல் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது, தமிழில் நடப்பதுதான் அபூர்வம். பெரிய தோட்டா மீது ஆசைப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆசைக்கு வரலாறே இருக்கிறது. ஏ.ஆர்.-15இன் வழக்கமான 5.56 மில்லிமீட்டர் தோட்டாவில், பறந்து போகும் குண்டு வெறும் மூன்றரை கிராம்தான். வேகத்தை நம்பி வாழ்வது அது. அரைத் தானியங்கி ரைபிளில் .44 அங்குலத்துக்குக் குறையாத தடித்த குண்டு வேண்டும், 250 கஜத்தில் பெரிய விலங்கை ஒரே அடியில் சாய்க்க வேண்டும் என்று துப்பாக்கி எழுத்தாளர் ஜெஃப் கூப்பர் பல காலம் சொல்லிவந்தார். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு டிம் லெஜெண்டர் உருவாக்கியதுதான், ஹார்னடி நிறுவனம் மருந்து அடைக்கும் பித்தளைக் கூட்டைச் சற்றுக் குட்டையாக்கியபின், 2007இல் .450 புஷ்மாஸ்டராகக் கடைக்கு வந்தது. .458 சோகாம் பிறந்தது வேறு வழியில். 1993இல் சோமாலியாவின் மொகடிஷுவில் 5.56 குண்டு பட்டும் எதிரி விழவில்லை என்ற அமெரிக்கச் சிப்பாய்களின் புலம்பல்தான் அதற்கு விதை என்பார்கள். பில் அலெக்சாண்டரின் .50 பியோவுல்ஃப் 2001இல் வந்தது. தனிப்பட்ட முறையில் ஏ.ஆர்.-15 செய்துகொள்பவர்கள் பெரிய தோட்டா என்று கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள்.

மூன்றையும் மேஜையில் நிற்கவைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: எல்லாமே குட்டை, எல்லாமே தடிமன். காரணம் மேகசின். ஏ.ஆர்.-15இன் மேகசின் பள்ளத்துக்குள் சுமார் 57 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான தோட்டா நுழையாது. நீட்ட வழியில்லை என்பதால் பக்கவாட்டில் பெருக்கினார்கள். .450இல் 16 கிராம் குண்டு வினாடிக்கு 670 மீட்டரில் கிளம்புகிறது. ஆற்றல் 3,600 ஜூல். சாதாரண 5.56 சுமார் 1,700 ஜூல். இரண்டு மடங்குக்கும் மேல்.

விளம்பரம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். அந்த இரண்டு மடங்கை எது தாங்குகிறது என்று பையனிடம் கேட்டேன். "குழல்" என்றான். பாதி சரி. வெடிக்கும் வாயு குண்டை முன்னே தள்ளும் அதே நேரத்தில் தோட்டாக் கூட்டைப் பின்னேயும் தள்ளுகிறது. அந்தப் பின்தள்ளலை வாங்கிக்கொள்வது, குழலின் பின்முனையை அடைத்துப் பூட்டும் போல்ட்டின் முனையில் இருக்கும் சின்னஞ்சிறு இரும்புப் பற்கள். 5.56க்கு ஏறக்குறைய இரட்டைப் பிறவியான .223 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு; கூட்டின் அடிக் குறுக்களவு .376 அங்குலம். பெருக்கிப் பார்த்தால் பற்கள்மீது ஏறக்குறைய 6,100 பவுண்டு விசை. .450 புஷ்மாஸ்டரின் உச்ச அழுத்தம் 38,500தான், ஆனால் கூடு அரை அங்குலம் தடிப்பு. விசை 7,500 பவுண்டு. கூட்டின் சுவர் தாங்குவதைக் கழிக்காமல் போட்ட பட்டறைக் கணக்கு இது. ஆனாலும் விஷயம் புரியும்: அழுத்தம் குறைவாக இருந்தும் போல்ட் வாங்கும் உதை அதிகம். அதோடு தடித்த கூட்டின் விளிம்பு உட்கார இடம் வேண்டுமென்று போல்ட்டின் முகத்தை அகலமாகக் குடைந்திருப்பார்கள். சுற்றுச்சுவர் மெலிந்துதான் இருக்கும்.

.458 சோகாமின் வரம்பு 35,000, பியோவுல்ஃபின் வரம்பு 33,000 என்று இறங்கிக்கொண்டே போவது இதனால்தான். .223, .450 போன்ற தோட்டாக்களுக்கு இப்படி வரம்பு வகுப்பது 1926இலிருந்து இயங்கும் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பு. அதன் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி நம் வழியில் வாசித்தால் 'சாமி' என்று வரும். சாமி போட்ட கோட்டைத் தாண்டாதே என்று பையனிடம் சொன்னபோது சிரித்தான்.

தாண்டியவர்கள் எங்களிடம் வருவார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் .450 போல்ட்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். ஒரு பல் காணோம், இன்னொன்றின் அடியில் மயிரிழை விரிசல். அவர் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர். "38,500தானே, கூட்டில் இன்னும் இடம் இருக்கிறதே" என்று வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்கிறார். கூட்டில் இடம் இருந்தது வாஸ்தவம். அதே கூட்டை 55,000 வரை ஏற்றினால் போல்ட்டின்மீது 10,000 பவுண்டுக்கு மேல் விழும். அவர் அதிர்ஷ்டக்காரர், பல் உடைந்ததோடு போயிற்று.

வீட்டில் நிரப்புகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. .450 புஷ்மாஸ்டர், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் தன் வாய் விளிம்பால் முட்டி நிற்கிற தோட்டா; .458 சோகாமோ கூடு ஒடுங்கும் இடத்திலுள்ள சின்னத் தோள் ஒன்றால் முட்டி நிற்கிறது. வேறு தோட்டாவில் பழகிய கையோடு .450இன் வாயைக் குண்டுக்குள் சுருட்டி இறுக்கிவிட்டால், முட்டி நிற்க விளிம்பே இருக்காது. தோட்டா அளவுக்கு மீறி உள்ளே போய் உட்காரும். கூட்டை வெட்டும் நீளத்திலும் இதே கவனம் வேண்டும். இதற்கு நேரமில்லை என்பவர்கள் கடைத் தோட்டாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானே அப்படித்தான்.

பெயரில் இருக்கும் எண்ணையும் நம்பிவிடக் கூடாது. .450 புஷ்மாஸ்டரின் குண்டு .452 அங்குலம். .458 சோகாமில் .458. கடைத் தட்டில் பக்கத்திலேயே .450 மார்லின் என்று வேறொன்று இருக்கும், அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. .38 ஸ்பெஷல் என்ற பழைய ரிவால்வர் தோட்டாவின் குண்டு .357தான். எண்ணைப் பெயராக மட்டும் வாசியுங்கள், அளவாக வாசிக்காதீர்கள். குழலின்மேல் பொறித்திருக்கும் முழுப் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே கீழ்ப்பாகத்தில் இரண்டு மூன்று மேல்பாகங்களை மாற்றி மாற்றி மாட்டுகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். நான் பார்த்ததிலேயே மோசமான சேதம் பெரிய தோட்டாவால் வந்ததல்ல, .300 பிளாக்அவுட் என்ற தோட்டாவால் வந்தது. அதற்கும் .223க்கும் மேகசின் ஒன்று, போல்ட் ஒன்று, கீழ்ப்பாகம் ஒன்று. குண்டு மட்டும் .308 அங்குலம். அதைத் தவறுதலாக .223 மேல்பாகத்தில் போட்டால் நுழையாதே என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போல்ட் வந்து மோதும் வேகத்தில் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கிப் போல்ட் பூட்டிக்கொண்டுவிடுவது உண்டு. பிறகு விசையை இழுத்தால் .308 குண்டு .224 துளை வழியாகப் போக வேண்டும். போகாது. எங்களிடம் வந்த அந்த ரைபிளின் மேல்பாகம் வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்திருந்தது. மேகசின் அடிவழியாகக் கழன்று போயிருந்தது. உரிமையாளருக்குக் கன்னத்தில் சில தையல்கள், கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

.458 சோகாமும் சாதாரண 5.56 மேகசினிலேயே போகும், முப்பது தோட்டா பிடிப்பதில் பத்துதான் பிடிக்கும் என்பது தவிர. ஆகவே மேகசினில் 5.56 என்று அச்சிட்டிருப்பது உள்ளே இருப்பதற்குச் சாட்சி ஆகாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு நிறத்தில் டேப் வாங்கி மேகசின், பெட்டி, மேல்பாகம் மூன்றிலும் ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வகைத் தோட்டாவை மட்டும் சுடும் மைதானத்துக்கு எடுத்துப் போங்கள். நாலு டாலர் டேப்பைவிட உருப்படியான உதிரிபாகம் எங்கள் கடையில் இல்லை.

சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டாலோ, உதையே தெரியாமல் போனாலோ அந்த இடத்தில் நிறுத்துங்கள். குண்டு குழல் நடுவில் சிக்கியிருக்கலாம். அரைத் தானியங்கியில் பழகிய கை, துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றவில்லை என்றதும் யோசிக்காமல் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும். அடுத்த குண்டு முன்னதில் போய் மோதினால் குழல் வெடிக்கும்.

உடம்பு பற்றிச் சுருக்கமாக. மூன்று கிலோ ரைபிளில் .450இன் பின்னுதை 5.56ஐப் போல ஐந்தாறு மடங்கு. ஸ்கோப்பைக் கண்ணுக்கு ஒட்டிப் பொருத்தினவர்களின் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு இருக்கும், எங்கள் ஊரில் அதைப் பார்த்தே ஆளை எடைபோடுவார்கள். உதையைக் குறைக்கக் குழல் முனையில், வாயுவைத் திருப்பிவிடும் பிரேக் மாட்டுவார்கள்; அது சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பக்கத்தில் நிற்கிறவர் காதில் கொட்டும். நொடிநேர வெடிச்சத்தத்துக்கு 140 டெசிபெல்தான் எல்லை என்கிறார்கள். ரைபிள்கள் 160ஐச் சாதாரணமாகத் தொடும். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் மூடி, இரண்டும் வேண்டும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் முதலில் போகும், ஏனென்றால் குழல் முனைக்குப் பக்கத்தில் இருப்பது அது. என் இடது காதில் இரவு முழுக்க ஒரு சில்வண்டு கத்துகிறது. இளவயதில் யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

இனி சட்டம். ஒஹாயோவில் 2014இலிருந்து மான் வேட்டைக்கு நேர்ச்சுவர் தோட்டா, அதாவது தோள் இல்லாமல் கூடு நேராக இருக்கும் தோட்டா, சுடும் ரைபிளை அனுமதிக்கிறார்கள், .357 முதல் .50 வரை. நீண்ட தூரம் பறக்கும் குண்டு, தட்டையான சோளக்காடும் வீடுகளும் கலந்த நிலத்துக்கு ஆகாது என்பது காரணம். .450 புஷ்மாஸ்டர் இதில் தேறும். .458 சோகாமுக்குத் தோள் இருக்கிறதே, அது நேர்ச்சுவர் ஆகாது. இரண்டாயிரம் டாலர் செலவழித்துச் செய்த சோகாமோடு மான் வேட்டைக்குக் கிளம்பினவரை நான் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சேம்பரிலும் மேகசினிலும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது என்பதும் இங்கே விதி. துளை அரை அங்குலத்தைத் தாண்டினால் கூட்டாட்சிச் சட்டம் அதை வேறு ரகத்தில் வைத்துப் பார்க்கும்; பியோவுல்ஃப் .500இல் நிற்பது தற்செயல் அல்ல. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சிக்காரர்கள் தங்கள் மாநில விதியைப் பார்க்காமல் ஒரு திருகாணிகூட வாங்க வேண்டாம். டொராண்டோவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது, கனடா 2020 மே மாதம் ஏ.ஆர்.-15 வகையைத் தடைசெய்துவிட்டது.

நம்மவர்கள் கண்டுகொள்ளாத விதி இன்னொன்று. எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. விலக்கு தனக்குப் பொருந்துமா என்பதை நண்பனிடம் கேட்காமல் வக்கீலிடம் கேட்க வேண்டும். மைதானத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே கதைதான். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

பையன் இரண்டு மணிநேரம் இருந்தான். கடைசியில் எதைச் சுடப் போகிறான் என்பதற்குப் பதில் வந்தது: அலுவலக நண்பரின் பண்ணையில் மான், தூரம் நூறு கஜத்துக்குள். அதற்கு .450 தாராளம்; .350 லெஜண்டே போதும் என்றேன். 2019இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது, நேர்ச்சுவர்தான், உதை பாதிகூட இல்லை, தோட்டா விலையும் மலிவு. விலை மலிவானால் பயிற்சி கூடும். .450 வாங்கிய பலர் முதல் பெட்டியில் பாதியைச் சுட்டதோடு வருடத்தை முடிப்பதைப் பார்க்கிறேன். பயந்துபோய் விசையை இழுக்கும்போது கண்ணை மூடுகிறார்கள். கண்ணை மூடிச் சுட்ட 3,600 ஜூல் மானின் குடலில்தான் போய் விழும். அதைத் தேடி இரவெல்லாம் புதருக்குள் அலைய வேண்டும்.

அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் .350க்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். டிசம்பர் முதல் வாரம் ஒரு மானும் கிடைத்தது, படம் அனுப்பியிருந்தான்.

பொங்கலுக்குச் சென்னை போவதற்கு முந்தின நாள் சாமான் வாங்க வந்தவன், முதுகுப்பையோடு நின்றான். மைதானத்துக்கு எடுத்துப்போகும் பை. "இதையா விமானத்துல கொண்டு போற? மேஜையில கொட்டு" என்றேன். "எல்லாம் எடுத்துட்டேன்ணா" என்றான். விமான நிலைய ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டா சிக்கி, இந்திய ஆயுதச் சட்டப்படி வழக்கு வாங்கி, மறதி என்று நிரூபிக்க மாதக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினவர்களைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்க விமான நிலையத்திலேயே கண்டுபிடித்தாலும் அபராதமும் அவமானமும் உண்டு என்றேன். முனகிக்கொண்டே கவிழ்த்தான். சார்ஜர், ஹெட்போன், கசங்கிய ரசீதுகள். நான் பையை வாங்கித் தலைகீழாக உதறினேன். பக்கவாட்டுப் பையின் தையல் ஓரத்திலிருந்து இரண்டு .350 லெஜண்ட் உருண்டு வந்து மேஜை விளிம்பில் நின்றன.