சீட்டில் ‘வாரம் ஒருமுறை’, அட்டையில் ‘இரவு 1’

போன மாதம் எங்கள் வார்டில் சேர்ந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. பையிலிருந்த மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. அட்டையின் மேல் நீலப் பேனாவில் ‘இரவு 1’ என்று எழுதியிருந்தது.

“கடைத் தம்பி எழுதிக் குடுத்தபடிதாம்மா சாப்பிட்டேன்” என்றார். 11 நாள் சாப்பிட்டிருக்கிறார். டாக்டர் சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று தெளிவாகவே இருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இது நான் பார்க்கும் மூன்றாவது கேஸ்.

கடைக்கு ஃபோன் செய்தேன். “இருபது வருஷமா மருந்து குடுத்துட்டிருக்கேன் மேடம்” என்றார் அங்கிருந்த ஃபார்மசிஸ்ட். இந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபது வருடம் கவுண்டரில் நின்றால் கிறுக்கல் எழுத்தைப் படிக்க வரும், எந்த அட்டை எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வரும். ஆனால் தப்பாகக் கொடுத்த மாத்திரை என்ன செய்தது என்று யாரும் கவுண்டருக்குத் திரும்பி வந்து சொல்வதில்லை. அந்த நோயாளி எங்களிடம் வந்துவிடுகிறார். செய்த தப்பு தெரியாமலே இருபது வருடம் ஓடிவிடும்.

அப்புறம், 2003இல் டி.ஃபார்ம் என்ற ஃபார்மசி டிப்ளமோ முடித்தவர் குழந்தைக் காய்ச்சலுக்கு நிமசுலைடு சிரப் கொடுத்துப் பழகியிருப்பார். 2011இல் 12 வயதுக்குக் கீழ் அதற்குத் தடை வந்தது. சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தரக்கூடாது என்ற உத்தரவு 2023 டிசம்பரில் வந்தது. கவுண்டரில் நிற்பதால் மட்டும் இதெல்லாம் காதுக்கு எட்டாது. படிக்க வேண்டும்.

பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2015 விதிமுறைகள் கேட்பது, ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஒருநாள் ரெஃப்ரெஷர் கோர்ஸ். அவ்வளவுதான். அதிலும் காலையில் கையெழுத்து, மத்தியானம் சாப்பாடு, அதோடு பாதி ஹால் காலி. சான்றிதழை நண்பர் வாங்கி வைக்கிறார். நான் வகுப்பெடுத்த அன்று மெத்தோட்ரெக்ஸேட் பற்றிப் பேசியது சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

சரி, வராதவர்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட் சீட்டு வந்தால் எந்தக் கிழமை என்று கேளுங்கள். அட்டையில் ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையைத் தமிழில் எழுதுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான்; தனிக் கவரில் போடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்கு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதி வந்தால் டாக்டரிடம் பேசாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கடை முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். மத்தியானமே கிளம்புகிற பலர் சாயந்திரக் கூட்டத்துக்குக் கடையில் நிற்கத்தான் ஓடுகிறார்கள். ஐந்து வருடத்தில் இரண்டே நாள். அந்த நாள்களில் ஃபோன் போட்டுக் கூப்பிடாதீர்கள், சம்பளத்தையும் பிடிக்காதீர்கள்.